ஓவியப் போட்டி, மரக்கன்று நடுதலைத் தாண்டி, பள்ளிப் பிள்ளைகளும் வடிவமைப்பாளர்களும் சேர்ந்து காலநிலைக்காக என்ன செய்யலாம்?

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள், சனிக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கும் நான்கு கட்டடக்கலை மாணவர்கள், கையில் சில ஆயிரம் ரூபாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இது தாராளமாகப் போதும். ஒரே ஒரு வகுப்பறையின் வெக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பூமி சூடாவது பிள்ளைகளுக்குப் பாடம். மதியம் மூன்று மணிக்கு மேல்தளக் கான்கிரீட்டின் சூடு உச்சந்தலையில் இறங்குவது அவர்கள் உடம்பே அறிந்த விஷயம். அங்கிருந்து தொடங்கினால் யாரும் அவர்களுக்கு ஆர்வமூட்ட வேண்டியதில்லை.

அகமதாபாத் ரிவர்சைடு பள்ளியை நடத்தும் கிரண் பிர் சேத்தி 2009இல் தொடங்கிய 'டிசைன் ஃபார் சேஞ்ச்' இயக்கம் பிள்ளைகளுக்கு நான்கு படிகள் தருகிறது: உணர், கற்பனை செய், செய், பகிர். நல்ல வரிசை. ஆனால் வெக்கை விஷயத்தில் முதல் இரண்டுக்கும் நடுவே ஒரு படி கட்டாயம் வேண்டும்: அள. அளக்காமல் கற்பனைக்குப் போனால் வடிவமைப்பாளர் வரைந்து கொண்டுவந்த படத்துக்குப் பிள்ளைகள் வண்ணம் அடிப்பதோடு முடிந்துவிடும். இந்த வகைத் திட்டங்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். முதல் மூன்று வாரம் கட்டடக்கலை மாணவர்கள் எதையும் வரையக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வேலை செய்யும் கொத்தனார் ஒருவரையும் முதல் நாளே உட்கார வையுங்கள். அந்தத் தளம் எங்கே ஒழுகும், எதைத் தாங்கும் என்று சொல்லக்கூடியவர் அவர்தான்.

காலம் முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஜனவரியில் அனுமதிகளை முடியுங்கள்: தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, அரசுக் கட்டடம் என்பதால் பொதுப்பணித் துறை. எல்லாமே எழுத்தில் இருக்கட்டும். பிப்ரவரியில் அளவு, மார்ச் முதல் வாரத்தில் வேலை, மார்ச் கடைசி வரை மறுபடி அளவு. ஜூனில் தொடங்கினால், வேலை முடிந்த சில மாதத்தில் மழை வந்து சுண்ணாம்பைக் கழுவிவிடும். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் தொடாதீர்கள், அவர்களுக்குத் தேர்வு.

அறைகள் இரண்டு வேண்டும். ஒரே மாடியில், ஒரே திசை பார்த்த, ஒரே அளவு அறைகள். ஒன்றில் வேலை செய்வீர்கள் (அ), மற்றதைத் தொடவே மாட்டீர்கள் (ஆ). ஒரே அறையை முன்னும் பின்னும் அளந்தால் எதுவும் நிரூபணமாகாது. நடுவில் ஒரு கோடை மழை பெய்தாலே கணக்கு குழம்பிவிடும். இரண்டுமே மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். மேலே இன்னொரு தளம் இருக்கும் அறையில் கூரை வேலைக்குப் பலன் கிடையாது.

கருவி: மீன்தொட்டிக்கு விற்கும், வயர் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானி நான்கு. பாதரச வெப்பமானி வேண்டாம், உடைந்தால் ஆபத்து. வாங்கிய அன்றே நான்கின் நுனிகளையும் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் உள்ள டம்ளரில் ஐந்து நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். மலிவான கருவி ஒரு டிகிரி ஏறியோ இறங்கியோ காட்டும். அது பரவாயில்லை, எவ்வளவு என்று கருவியின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிட்டால் போதும். ஒரு டிகிரி பிழையோடு இரண்டு டிகிரி மாற்றத்தைத் தேடுவதுதான் தவறு.

அறைக்கு இரண்டு வெப்பமானி. ஒன்று காற்றை அளக்கட்டும். மற்றதுதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப் போவது. 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்தில் சிறு துளை போட்டு, நுனியை நடுமையம் வரை நுழைத்து, எம்-சீல் வைத்து அடைத்து, பந்து முழுக்கக் கரும்பலகைப் பெயிண்ட் இரண்டு கை அடியுங்கள். பளபளக்காத கறுப்பு அதுதான். காற்று வெப்பமானி காட்டாத ஒன்றை இந்தப் பந்து காட்டும்: சூடான மேல்தளம் கீழ்நோக்கி வீசும் கதிர்வெப்பம். காற்று 35 என்று காட்டும்போது பந்து 37 காட்டினால், அந்த இரண்டு டிகிரிதான் பிள்ளைகள் 'தலை காயுது' என்று சொல்வது.

இரண்டையும் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில், அதாவது உட்கார்ந்த பிள்ளையின் தலை உயரத்தில், கயிற்றில் தொங்கவிடுங்கள். ஜன்னலோரமும் நேர் விசிறிக்கு அடியிலும் வேண்டாம். நேரம் 9.30, 11.30, 1.30, 3.30. கடைசி அளவை விடவே கூடாது. கான்கிரீட் வெயிலை வாங்கி மெதுவாகத்தான் கீழே விடும், அதனால் அடிப்பக்கம் அதிகம் சுடுவது உச்சிவேளையில் அல்ல, பிற்பகலில். ஒவ்வொரு அளவோடும் விசிறி ஓடியதா, ஜன்னல் திறந்திருந்ததா, வானம் மூடியிருந்ததா என்று மூன்று கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். அந்தப் பதிவுத்தாளை வடிவமைப்பதுதான் கட்டடக்கலை மாணவர்களின் முதல் வேலை. பிள்ளை பத்து விநாடியில் நிரப்ப முடியாத தாள் இரண்டாம் வாரம் காலியாகக் கிடக்கும்.

மேற்பரப்புச் சூட்டை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி இரவல் கிடைத்தால் நல்லது. கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை எடுக்காதீர்கள். அது உடல்சூட்டு எல்லைக்குள்தான் காட்டும், மொட்டை மாடியோ அதைத் தாண்டி வெகுதூரம் போகும். பளபளக்கும் தகரத்தில் எந்த அகச்சிவப்புக் கருவியும் குறைத்தே காட்டும். அங்கே காகித டேப் ஒட்டி, டேப் சூடேறும்வரை பொறுத்து, அதன்மேல் அளக்க வேண்டும்.

இனி வடிவமைப்பு. அறையின் தரைப்படத்தை அடிக்கு அங்குலம் என்ற அளவில் வரையுங்கள். 20 அடிக்கு 20 அடி வகுப்பறை ஒரு சார்ட் தாளில் அடங்கும். பிற்பகலில் ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு அதிகம் வேர்க்கும் இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, ஆறுதலான இடத்தில் ஒரு நீலப் பொட்டு ஒட்டட்டும். சிவப்புப் பொட்டுகள் கூடும் மூலைதான் வேலை செய்ய வேண்டிய இடம். பிறகு அதே அளவில் ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டியில் அறையைச் செய்து, ஜன்னலை வெட்டி, மைதானத்தில் உண்மையான திசை பார்த்து வையுங்கள். சூரியனே விளக்கு. மூன்று மணிக்குப் பெட்டிக்குள் வெயில் விழும் கட்டமும் மேலே வகுப்பறையில் விழும் கட்டமும் ஒன்றாக இருக்கும். அதைப் பார்த்த பிறகு பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே வேறு.

உதாரணமாக, 'ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் இருக்கிறதே, ஏன் வெயில் வருகிறது?' மார்ச் மூன்றாம் வாரத்தில் மேற்குச் சுவரில் பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு 2 அடி சன்ஷேட் ஏறக்குறைய 2 அடிதான் நிழல் தரும். நான்கு மணிக்கு ஓரடி சொச்சம். 4 அடி ஜன்னலில் மிச்சமெல்லாம் வெயில். தெற்குச் சுவருக்குச் சரியான படுக்கைச் சன்ஷேட் மேற்குக்கு உதவாது, செங்குத்தாக ஏதாவது தொங்க வேண்டும். பழைய பருத்திப் புடவையை மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஜன்னலுக்கு வெளியே ஓரடி தள்ளித் தொங்கவிடலாம். வெளியே என்பதுதான் முக்கியம். உள்ளே திரை போட்டால் வெயில் அறைக்குள் வந்த பிறகுதான் திரையில் படும், அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கும். ஓரடி இடைவெளி காற்றுக்கு. வெளிச்சம் குறைகிறதா என்று பார்க்க, கரும்பலகையில் எழுதியதைக் கடைசி பெஞ்சுப் பிள்ளை படிக்கட்டும். இருட்டினால் புடவையின் அடியில் ஒன்றரை அடி விட்டுவிடுங்கள்.

கட்டடக்கலை மாணவர்களுக்குக் கீற்றுப் பந்தல் மேல் ஆசை வரும். அழகுதான், குளிர்ச்சிதான். ஆனால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் போன மாநிலம் இது. பள்ளிக் கட்டடத்தில் கீற்றுக்கு இடமே இல்லை. தெர்மாகோல் பொய்க்கூரையும் அதே காரணத்தால் வேண்டாம்.

ஈரத் துணி, வெட்டிவேர்த் தட்டி யோசனையும் வரும். ஒரு வெப்பமானி நுனியில் ஈரத் துணி சுற்றி விசிறிக் காற்றில் பிடித்தால் பதில் தெரிந்துவிடும். ஈரம் எவ்வளவு குளிர்விக்க முடியுமோ அதன் எல்லை அந்த அளவுதான். 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் உள்ள உள்மாவட்டக் காற்றில் அது 24 வரை இறங்கும், தட்டி வேலை செய்யும். 35 டிகிரி, 65 சதவீதம் உள்ள கடலோரக் காற்றில் 29க்குக் கீழே இறங்காது, அறைக்குள் புழுக்கம்தான் கூடும். அகமதாபாத்தில் சரிப்படுவதெல்லாம் கடலோரக் கோவளத்தில் சரிப்பட்டுவிடாது என்பதைப் பிள்ளைகள் இந்த ஒரு துணியில் கற்றுக்கொள்வார்கள்.

கூரை. அகமதாபாத்தில் 2010 மே வெப்ப அலைக்குப் பிறகு 2013இல் வெப்பச் செயல்திட்டம் வந்தது, 2017இல் அங்கே கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினார்கள். காரணம் எளிது: அழுக்கேறிய கான்கிரீட் வெயிலின் பெரும்பகுதியை விழுங்குகிறது, சுத்தமான சுண்ணாம்பு வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. 400 சதுர அடிக்கு மூன்று கை அடிக்க நீற்றிய சுண்ணாம்பு 15 கிலோ, தண்ணீர் சுமார் 30 லிட்டர், பெயிண்ட் கடையில் டிடிஎல் என்று கேட்டால் கிடைக்கும் பசை ஒரு கிலோ. முதல் நாளே ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். சுவருக்கு அடிப்பதுபோல் நீலம் கலக்க வேண்டாம், வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும். தளத்துப் பாசியை இரும்புப் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஈரம் இருக்கும்போதே, மாலை நான்கு மணிக்கு மேல் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் சுண்ணாம்பு பிடிக்கும் முன்பே காய்ந்து மாவாக உதிரும். ஒரு கை வடக்கு தெற்காக, அடுத்த கை கிழக்கு மேற்காக. ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி, நடுவே லேசாகத் தண்ணீர் தெளிப்பு.

இந்த வேலையில் பிள்ளைகள் கை படக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அடிக்கும் பெரியவர்களுக்கும் கண்ணாடி, கையுறை வேண்டும். தெறித்தால் சுத்தமான தண்ணீரில் 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்குப் பிள்ளைகள் ஏறவே வேண்டாம். மழைநீர்க் குழாய் குடிநீர்த் தொட்டிக்குப் போகிறதென்றால் முதல் மழைகளின் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள்.

கணக்கு பிள்ளைகளுடையது. உதாரணத்துக்கு, வேலைக்கு முன் 3.30 மணிப் பந்துச் சராசரி அ அறையில் 36.8, ஆ அறையில் 36.4 என்றால், அ 0.4 அதிகம். வேலைக்குப் பின் அ 35.1, ஆ 36.9 என்றால், அ 1.8 குறைவு. பலன் 2.2 டிகிரி. ஆ அறை சூடேறியிருந்தும் அ அறை இறங்கியிருக்கிறது என்பதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கும் நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும். மாடித் தரையில் பெரிய இறக்கம் தெரியும், பந்தில் இரண்டு மூன்று, ஜன்னல் திறந்த அறையின் காற்றில் ஒன்றோ அதற்கும் குறைவோ. காற்றை மட்டும் அளந்தவர்கள் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று கைவிடுவது இதனால்தான்.

இதை ஊருக்குக் காட்ட அறிக்கை வேண்டாம், துணி போதும். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகக் காலநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018இல் உலகத்தின் ஆண்டு வெப்பநிலையை நீலம் முதல் சிவப்பு வரை வெறும் கோடுகளாகக் காட்டினார். அதே முறையில் தையல்கடை வெட்டுத்துணியை ஒரு சாண் அகலப் பட்டைகளாக்கி, நாளுக்கு ஒரு பட்டை, டிகிரிக்கு ஒரு நிறம் என்று வராந்தாவில் இரண்டு வரிசை கட்டுங்கள், அ அறைக்கு ஒன்று, ஆ அறைக்கு ஒன்று. சுண்ணாம்பு அடித்த நாளிலிருந்து இரண்டு வரிசையும் பிரியும். பச்சையும் சிவப்பும் பிரித்தறிய முடியாத பிள்ளை வகுப்பில் இருக்கலாம், பச்சையைத் தவிர்த்துவிடுங்கள். நிறங்களின் எல்லையை முதல் நாளே எழுதி ஒட்ட வேண்டும், பிறகு மாற்றக் கூடாது.

'சார், இதனால பூமி சூடு குறையுமா?' என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். குறையாது என்று நேராகச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட சூட்டில் படித்துக்கொண்டிருக்க இது உதவுகிறது, ஏசி இல்லாமல் உதவுகிறது. சூட்டைக் குறைக்க நிலக்கரியும் பெட்ரோலும் குறைய வேண்டும், அது வேறு வேலை, அதையும் செய்ய வேண்டும். பிள்ளைகளிடம் இதை மழுப்பினால் அவர்கள் அளந்த எண்களுக்கே மரியாதை போய்விடும். மேற்குப் பக்கம் ஒரு புங்கனும் நடுங்கள், ஆனால் அதன் நிழலை இந்த ஆண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செப்டம்பர் கடைசியில் புடவைச் சட்டங்களைக் கழற்றி மடித்து வையுங்கள், புயல் காற்றில் மூங்கில் பறந்தால் ஆபத்து. சுருக்கு முடிச்சாகக் கட்டியிருந்தால் பத்து நிமிட வேலை. பதிவேட்டின் முதல் பக்கத்தில் நான்கு வெப்பமானிகளின் பிழையும், பந்து தொங்கிய இடத்தின் படமும், சுண்ணாம்பு அடித்த தேதியும் இருக்கட்டும். பிப்ரவரியில் அடுத்த எட்டாம் வகுப்பு மங்கிப்போன கூரையை அளக்கத் தொடங்கும்போது அவர்களுக்கு முதலில் வேண்டியது அந்தப் பக்கம்தான்.