40 கிராம் போட்டு 49 கிராம் எடுக்க முடியுமா? வேதியியல் கணக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 10.0 கிராம் அலுமினியம், 30.0 கிராம் குளோரினுடன் வினைபுரிந்தால் எத்தனை கிராம் அலுமினியம் குளோரைடு கிடைக்கும்? அலுமினியம் 0.371 மோல் (மோல் என்பது அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு), குளோரின் 0.846 மோல் என்று கண்டுபிடித்தேன். அலுமினியம்தான் முதலில் தீர்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால் 49.4 கிராம் வருகிறது. புத்தகத்தில் விடை 37.6 கிராம். திரும்பத் திரும்பப் பார்த்தும் தவறு பிடிபடவில்லை.

பதில்: வழிமுறையைத் தொடாமல் விடையை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள். உள்ளே போனது 10 கிராமும் 30 கிராமும், மொத்தம் 40 கிராம். நிறை அழியாது, புதிதாக முளைக்கவும் செய்யாது. அப்படியிருக்க 49.4 கிராம் எங்கிருந்து வரும்? எந்த நிறைக் கணக்கை முடித்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். பாதித் தவறுகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

உங்கள் தவறு குளோரினின் மோலில் இருக்கிறது. 30.0-ஐ 35.45-ஆல் வகுத்திருக்கிறீர்கள். அது ஒரு குளோரின் அணுவுக்கான எண். சமன்பாட்டில் நிற்பதோ இரண்டு அணுக்கள் சேர்ந்த குளோரின் மூலக்கூறு. அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 70.90 கிராம். ஆகவே குளோரின் 30.0 ÷ 70.90 = 0.4231 மோல். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஏழும் தனிமமாக வரும்போது ஈரணு மூலக்கூறுகள். இந்த ஏழையும் மனப்பாடமே செய்துவிடலாம்.

இனி கணக்கு. சமன்பாடு இது: 2 அலுமினியம் + 3 குளோரின் → 2 அலுமினியம் குளோரைடு.

அலுமினியம் 10.0 ÷ 26.98 = 0.3706 மோல். இது முழுவதும் தீர வேண்டுமானால் 0.3706 × 3/2 = 0.556 மோல் குளோரின் தேவை. கையில் இருப்பது 0.4231 மோல்தான். ஆக, முதலில் தீர்வது குளோரின். அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. அதிலிருந்து கிடைக்கும் அலுமினியம் குளோரைடு 0.4231 × 2/3 = 0.2821 மோல். மோலார் நிறை 133.33 கிராம் என்பதால் விடை 37.6 கிராம்.

இங்கே நிறுத்திவிடாமல் மிச்சத்தையும் பாருங்கள். செலவான அலுமினியம் 0.2821 மோல். மீதி 0.0885 மோல், அதாவது 2.39 கிராம். 37.61-உடன் 2.39-ஐக் கூட்டினால் சரியாக 40.00. கணக்கு தானே தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது!

இரண்டு எச்சரிக்கைகள். எடையில் குறைவாக இருப்பது முதலில் தீரும் என்று எண்ணாதீர்கள். இங்கே எடையில் மூன்று மடங்கு இருந்த குளோரின்தான் தீர்ந்தது. அடுத்தது, இடையில் முழுமையாக்கக் கூடாது. 0.4231-ஐ 0.42 என்று சுருக்கினாலே விடை 37.3-க்கு இறங்கிவிடும். இடைநிலை எண்களில் ஓரிரு இலக்கம் கூடுதலாக வைத்திருந்து, கடைசியில் மட்டும் மூன்று முக்கிய எண்ணுருக்களுக்குச் சுருக்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணை மட்டும் எழுதுவதை விட்டுவிடுங்கள். "0.846" என்று எழுதியதால்தான் தவறு ஒளிந்துகொண்டது. "0.846 மோல் குளோரின் அணு" என்று எழுதியிருந்தால், மூலக்கூறைப் பேசும் சமன்பாட்டின் 3-ஐ அதற்குப் பக்கத்தில் வைக்கக் கை தயங்கியிருக்கும். அலகும் பொருளின் பெயரும் இல்லாத எண்ணை வேதியியல் கணக்கில் நம்பவே கூடாது.

கேள்வி: பியூட்டேன் எரியும் சமன்பாட்டைச் சமன்படுத்தும்போது ஆக்சிஜனுக்கு 6½ வருகிறது. அரை மூலக்கூறு என்று ஒன்று இல்லையே, எங்கே தவறினேன்?

பதில்: தவறவில்லை, ஒரு படி பாக்கி இருக்கிறது. பியூட்டேனில் 4 கார்பன், 10 ஹைட்ரஜன். 4 கார்பனுக்கு 4 கார்பன் டைஆக்சைடு. 10 ஹைட்ரஜனுக்கு 5 நீர். வலப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் 8 + 5 = 13. இரண்டிரண்டாக வருவதால் 6½ மூலக்கூறு. இப்போது எல்லாக் குணகங்களையும் இரண்டால் பெருக்குங்கள்: 2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர். எல்லாவற்றையும் பெருக்க வேண்டும்; ஆக்சிஜனை மட்டும் 13 ஆக்கிவிட்டு மற்றதை அப்படியே விடுவதுதான் வழக்கமான சறுக்கல்.

தனிமமாக நிற்கும் ஆக்சிஜனைக் கடைசியில் தொட்டது நல்ல முறை. அதன் குணகத்தை மாற்றினால் வேறு எந்தத் தனிமமும் கலையாது. ஆனால் எந்த நிலையிலும் வாய்பாட்டுக்குள் இருக்கும் கீழ்க்குறி எண்ணில் கை வைக்காதீர்கள். நீரின் வாய்பாட்டில் இன்னொரு ஆக்சிஜனைச் சேர்த்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. சமன்பாடு சமமாகலாம், பொருள் வேறாகிவிடும்.

கேள்வி: ஓர் இரும்பு ஆக்சைடில் இரும்பு 72.4%, ஆக்சிஜன் 27.6%. இரும்பு, ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் 1 : 1.33 வந்தது. 1 : 1 என்று எழுதினேன். தவறு என்கிறார் ஆசிரியர்.

பதில்: ஆசிரியர் சொல்வது சரி. 100 கிராம் எடுத்துக்கொண்டால் இரும்பு 72.4 ÷ 55.85 = 1.296 மோல், ஆக்சிஜன் 27.6 ÷ 16.00 = 1.725 மோல். சிறியதால் வகுத்தால் 1 : 1.331. இதுவரை நீங்களும் சரி. 1.33 என்பது ஒன்றுக்கு அருகில் உள்ள எண் அல்ல, மூன்றில் நான்கு. இரண்டு பக்கத்தையும் 3-ஆல் பெருக்கினால் 3 : 4. இது மேக்னடைட்.

1 : 1 ஆக இருந்தால் இரும்பின் பங்கு 77.7% இருந்திருக்கும். கிடைத்த வாய்பாட்டிலிருந்து சதவீதத்தைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஒரு வரிதான் ஆகும். 1.02, 1.98 போன்றவற்றை முழு எண்ணாக்கலாம். 1.5 வந்தால் 2-ஆலும், 1.33 அல்லது 1.67 வந்தால் 3-ஆலும், 1.25 அல்லது 1.75 வந்தால் 4-ஆலும் பெருக்குங்கள்.

கேள்வி: 250 மிலி அளவில் 0.100 மோலார் (லிட்டருக்கு 0.100 மோல்) காப்பர் சல்பேட் கரைசல் தயாரிக்க எவ்வளவு எடுக்க வேண்டும்? எனக்கு 3.99 கிராம் வருகிறது, தோழிக்கு 6.24 கிராம்.

பதில்: ஜாடியில் இருப்பது நீலப் படிகமா, வெள்ளைத் தூளா என்று முதலில் கேட்க வேண்டும். தேவை 0.250 லிட்டர் × 0.100 = 0.0250 மோல் என்பதில் இருவரும் ஒன்றுதான். வெள்ளைத் தூள் நீரற்றது, மோலார் நிறை 159.6 கிராம்; அதற்கு உங்கள் 3.99 சரி. நீலப் படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டுடனும் ஐந்து நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன. மோலார் நிறை 249.7 கிராம், அதற்குத் தோழியின் 6.24 சரி. நீலப் படிகத்தில் 3.99 கிராம் எடுத்தால் கரைசல் 0.064 மோலார்தான் இருக்கும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. கணக்கில் பென்டாஹைட்ரேட் (ஐந்து நீர் கொண்டது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகமானால் ஜாடியின் லேபிளைப் படியுங்கள்.

செய்முறையிலும் ஒரு பொறி உண்டு. 250 மிலி கரைசல் வேறு, 250 மிலி தண்ணீர் வேறு. படிகத்தைப் பீக்கரில் 100 மிலி அளவு காய்ச்சி வடித்த நீரில் முழுவதும் கரையுங்கள். 250 மிலி திட்டக் குடுவைக்கு மாற்றி, பீக்கரை இரண்டு மூன்று முறை கொஞ்சம் நீர் விட்டு அலசி, அந்த அலசல் நீரையும் குடுவையிலேயே ஊற்றுங்கள். பிறகு நீர் சேர்த்து, குடுவைக் கழுத்தில் உள்ள குறியை நெருங்கியதும் துளித்துளியாக விட்டு, பிறைத்தளத்தின் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பு) அடிப்பகுதி குறியைத் தொடும்போது நிறுத்துங்கள். கண் குறியின் மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு மூடியைப் பிடித்துக்கொண்டு பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். குறியைத் தாண்டிவிட்டால் உறிஞ்சி எடுத்துச் சரிசெய்ய முடியாது. அந்த நீரோடு கரைபொருளும் போய்விடும். புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

கேள்வி: 0.243 கிராம் மெக்னீசியம் மிகுதியான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைகிறது. 25 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜனின் கனஅளவு 224 மிலி என்றேன். தவறாம்.

பதில்: 0.243 ÷ 24.31 = 0.0100 மோல் மெக்னீசியம். அதே அளவு ஹைட்ரஜன். அதுவரை சரி. 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸுக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் மட்டுமே பொருந்தும். 25 டிகிரியில் ஒரு மோல் நல்லியல்பு வாயு 24.5 லிட்டர் இடம் பிடிக்கும். விடை 245 மிலி. வாயுச் சமன்பாட்டை (PV = nRT) போட்டாலும் இதுவே வரும், வெப்பநிலையை 298 கெல்வின் என்று எழுதினால்! 25 என்று எழுதினால் விடை பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

வாயுவை நீருக்கு மேல் சேகரித்ததாகக் கணக்கில் இருந்தால் இன்னொரு திருத்தம் உண்டு. 25 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 23.8 மிமீ பாதரசம். ஹைட்ரஜனுக்கு மிஞ்சுவது 760 – 23.8 = 736.2. ஆகவே கனஅளவு 245 × 760 ÷ 736.2, ஏறத்தாழ 253 மிலி.

திரவத்துக்கும் திண்மத்துக்கும் 22.4-ஐப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். ஒரு மோல் திரவ நீர் 18 மிலிதான்.

கேள்வி: 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) மதிப்பு 8 என்று வருகிறது. அமிலம் எப்படிக் காரமாகும்?

பதில்: ஆகாது. உங்கள் சந்தேகம்தான் சரி, சூத்திரத்தைப் போட்ட இடம் தவறு. 25 டிகிரியில் நீரே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. அமிலம் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு. பெரியதை விட்டுவிட்டுச் சிறியதை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். இரண்டையும் வெறுமனே கூட்டினால் 1.1 × 10⁻⁷, பிஎச் 6.96 வரும். ஆனால் அமிலம் சேர்ந்ததும் நீர் அயனியாவது கொஞ்சம் பின்வாங்கும். ஹைட்ரஜன் அயனிச் செறிவை 'அ' என்று வைத்தால், அ × (அ – 10⁻⁸) = 10⁻¹⁴. இந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் அ = 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98. அமிலச் செறிவு 10⁻⁶ மோலாருக்கு மேல் இருந்தால் நீரின் பங்கை விட்டுவிடலாம். அதற்குக் கீழே இறங்கினால் சேர்த்தே ஆக வேண்டும்.