ஆரி வேலையை நம்பி மாதச் சம்பளத்தை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஒரு தனியார் நூற்பாலையில் கணக்குப் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அடிப்படைச் சம்பளம் 15,000. பி.எஃப். பிடித்தம் போகக் கையில் 26,000 வருகிறது. கணவர் டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார், அவர் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறும். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக் கடன் தவணை 11,500. பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்ட ஆரி வேலையில் (கொக்கி ஊசியால் துணியில் செய்யும் எம்பிராய்டரி) இரண்டு வருடமாகக் கல்யாண பிளவுஸ் செய்து தருகிறேன். ஒன்றுக்கு 4,500 வாங்குகிறேன், மெட்டீரியல் 900தான் ஆகிறது. ராத்திரி மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பிளவுஸ் 12 நாளில் முடியும். மாதம் இரண்டு ஆர்டர் வருகிறது. முழுநேரமாக இறங்கினால் மாதம் 40,000 பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்து ஒன்றரை லட்சத்தில் சின்னதாக ஒரு கடை போடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இப்போதைக்கு வேலையை விடாதீர்கள், நகையையும் அடகு வைக்காதீர்கள். உங்கள் கைத்திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. விளம்பரமே இல்லாமல் இரண்டு வருடமாக ஆர்டர் வருகிறது என்றால் வேலை நன்றாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்கள் கணக்கில் உங்கள் நேரத்துக்குக் கூலி போடவில்லை என்பதுதான் என் கவலை.

ஒரே ஒரு பிளவுஸை எடுத்துக்கொள்வோம். 4,500இல் மெட்டீரியல் போக 3,600. பெட்ரோல், உடைந்த ஊசி, கரண்ட், கவர் என்று 200 கழியுங்கள். மீதி 3,400. நேரம்? சட்டத்தில் (ஃப்ரேமில்) துணியைக் கட்டி உட்காரும் 36 மணி நேரத்தை மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். பீட்ஸும் ஜர்தோசியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனது, டிசைன் பேசியது, ட்ரேஸ் எடுத்தது, "கையில இன்னும் ரெண்டு வரி கல்லு வைங்க அக்கா" என்றதற்காக மறுபடி உட்கார்ந்தது, இதற்கெல்லாம் குறைந்தது ஆறு மணி நேரம் சேரும். மொத்தம் 42 மணி நேரம். ஆக, மணிக்கு 81 ரூபாய்.

ஆலை உங்களுக்கு என்ன தருகிறது? கையில் வரும் 26,000 மட்டும் இல்லை. உங்கள் பி.எஃப். பங்கு 1,800, கம்பெனி போடும் பங்கு 1,800, பணிக்கொடையாக (கிராஜுவிட்டி) மாதம் சுமார் 720 சேர்ந்துகொண்டே இருக்கிறது. கூட்டினால் 30,320. மாதம் 208 மணி நேர வேலைக்கு மணிக்கு 146 ரூபாய். தீபாவளி போனஸ், சம்பளத்தோடு கூடிய விடுமுறை இதில் சேர்க்கவே இல்லை.

சொந்தக்காரர்கள் சொல்லும் 40,000த்தையும் பார்த்துவிடலாம். இன்றைய விலையில் அதற்கு 12 பிளவுஸ் வேண்டும். அதாவது 504 மணி நேரம். மாதம் 30 நாளும் லீவே எடுக்காமல் உட்கார்ந்தால்கூட நாளைக்குக் கிட்டத்தட்ட 17 மணி நேரம். கண்ணும் முதுகும் என்ன ஆவது?

பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் நடுவே நான் பார்க்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மயிலின் கழுத்து சரியாக வளையவில்லை என்று இப்போது நீங்கள் பிரித்து மறுபடி போடுவீர்கள். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதற்கு யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை. ஏனென்றால் வீட்டுச் செலவையோ கடன் தவணையையோ அந்த மயில் கட்டவில்லை, உங்கள் சம்பளம் கட்டுகிறது. தொழிலாக எடுத்தால் அப்படிப் பிரித்துப் போடும் மூன்று மணி நேரம், மணிக்கு 146 என்று பார்த்தால் 438 ரூபாய் நஷ்டம். உங்களுக்குப் பிடிக்காத நிறத்தில், பிடிக்காத டிசைனை, முகூர்த்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் முடித்துக் கொடுத்தே ஆக வேண்டும். அதைச் சந்தோஷமாகச் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நீங்களும் அப்படித்தானா என்பதை இந்த ராத்திரி வேலையை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம், ஆடி. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, பல குடும்பங்கள் புரட்டாசியையும் தவிர்க்கும். ஆவணிக் கல்யாணத்துக்கான ஆர்டர் ஆடிக் கடைசியில் எட்டிப் பார்க்கும் என்பது உண்மைதான். ஆனாலும் வருடத்தில் மூன்று மாதம் கை காய்ந்துதான் இருக்கும். வங்கிக்கு ஆடி மார்கழி தெரியாது, 11,500 மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். கணவரின் வருமானமும் ஏறி இறங்குவதால், வீட்டில் நிலையாக வரும் ஒரே பணம் உங்கள் சம்பளம். அதை விடுவதற்கு முன்னால் ஆறு மாத வீட்டுச் செலவும் தவணையும் தனி டெபாசிட்டில் இருக்க வேண்டும்.

சரி, எப்போது விடலாம்? முதலில் விலை. மணிக்கு 146 கிடைக்க வேண்டுமானால் இதே பிளவுஸுக்கு 7,250 வாங்க வேண்டும். அடுத்த தை முகூர்த்த ஆர்டரிலிருந்து புது ஆட்களிடம் இந்த விலையைச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். சிலர் போய்விடுவார்கள், போகட்டும். பாதிப் பேர் நின்றாலே, பாதி வேலையில் ஏறக்குறைய இப்போது வருகிற பணம் வந்துவிடும். யாருமே நிற்கவில்லை என்றால், ஒன்றரை லட்சம் போவதற்கு முன்பே உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

அந்த விலையிலும் சம்பளத்துக்கு ஈடாக வருடம் 60 பிளவுஸ் செய்ய வேண்டும். ஒன்பது முகூர்த்த மாதங்களில் மாதம் ஆறேழு. ஒரு ஆள் கைக்கு அது அதிகம். கூட ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டி வரும், அவருக்கு ஆடியிலும் சம்பளம் போட வேண்டும். அல்லது சனி, ஞாயிறில் வகுப்பு எடுக்கலாம். கற்றுக்கொடுக்கும் பொறுமை இருந்தால் ஆரியில் சீசன் பார்க்காத வருமானம் அதுதான். என்னைக் கேட்டால் கடையைவிட வகுப்பை முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன். வீட்டு ஹாலும் நான்கு சட்டமும் போதும்.

இதற்குத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ஆரி பணம் எல்லாம் அதில் வரட்டும், மெட்டீரியல் எல்லாம் அதிலிருந்து போகட்டும். ஒரு நோட்டில் ஒவ்வொரு பிளவுஸுக்கும் மணி நேரத்தை எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறவர் நீங்கள், ஆலைக்குச் செய்வதை உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள்.

பொழுதுபோக்குதானே, வரி எதற்கு என்று நினைக்க வேண்டாம். காசு வந்தால் அது வருமானம்தான். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி வராது என்பதால் உங்களுக்குக் கட்ட வேண்டியது எதுவும் இருக்காது. ஆனால் சம்பளக்காரர்களுக்கான எளிய படிவத்தில் தொழில் வருமானத்தைக் காட்ட முடியாது, படிவம் மாறும். ஜி.எஸ்.டி. பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். வாடிக்கையாளர் துணியில் வேலை செய்து கொடுப்பது சேவை, வருடம் 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், ஆதாரை வைத்து அரசுத் தளத்தில் நீங்களே செய்யலாம். காசு கேட்கும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள். வேலையில் சேர்ந்தபோது தந்த நியமனக் கடிதத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது என்று சில கம்பெனிகள் அதில் போட்டிருக்கும்.

இன்னும் ஒன்று, பென்ஷன். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு வருடம்தான். அதற்குள் விட நேர்ந்தால் அந்தப் பணத்தை எடுத்துவிடாமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வையுங்கள், பிற்பாடு எங்காவது சேர்ந்தால் இந்த எட்டு வருடம் அதோடு சேரும். கம்பெனி மூலம் மருத்துவக் காப்பீடு இருந்தால் வேலையோடு அதுவும் போய்விடும். குடும்பத்துக்கு ஒரு பாலிசியை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் உண்டு. தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை.

கடைக்கு இப்போது அவசியமே இல்லை. கல்யாண வீட்டார் ஆரிக்காரரைத் தேடி வீட்டுக்கே வருகிறார்கள். பின்னால் முதலீடு தேவைப்பட்டால் சிறு தொழில்களுக்கான முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம், நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஒரு ஆடியும் ஒரு மார்கழியும் தாண்டியபின் அந்த நோட்டுக் கணக்கோடு மறுபடி எழுதுங்கள். வேலையை விடுவதைப் பற்றி அப்போது பேசுவோம்.