கேன்சர் புரோட்டீன்ல பிஎச்டி: எதை எடுக்கட்டும்? (கடிதம்)

வணக்கம் மேடம். எம்எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடிச்சிருக்கேன். கேன்சர் புரோட்டீன்கள் செல்லுக்குள்ள என்ன பண்ணுதுங்கிறதுல பிஎச்டி பண்ண ஆசை. வர்ற விளம்பரங்கள்ல ஒண்ணு பி53, ஒண்ணு கேராஸ், இன்னொண்ணு நான் பேரே கேள்விப்படாத புரோட்டீன். பெரிய பேரா எடுன்னு நண்பர்கள் சொல்றாங்க. ஆனா இவ்ளோ பேர் படிச்சதுல இன்னும் என்ன மிச்சம் இருக்கப்போகுதுன்னு பயமா இருக்கு. என் பேர்ல ஆராய்ச்சிப் பேப்பர் எதுவும் வெளிவரல. எதை எடுக்கட்டும்?

வணக்கம் தம்பி,

மிச்சம் இருக்குமான்னு கேட்டீங்கள்ல, அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன். பி53ஐ 1979ல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் பத்து வருஷம் அது கேன்சரை உண்டாக்குற புரோட்டீன்னே நம்பிட்டு இருந்தாங்க, ஏன்னா அப்ப குளோன் பண்ணி வச்சிருந்ததுல பலதும் ம்யூட்டேஷன் ஆன, அதாவது மாறிப்போன ஜீன், அது யாருக்கும் தெரியல, 1989லதான் ஒழுங்கான பி53 கேன்சரைத் தடுக்கும்னு தெளிவாச்சு. கேராஸையும் 1980களோட ஆரம்பத்துலயே அடையாளம் கண்டுட்டாங்க, ஆனா மருந்து போய் ஒட்டிக்க இடமே இல்லாத வழுவழுப்பான புரோட்டீன்னு ரொம்ப பேர் கைவிட்டுட்டாங்க, 2013ல ஜி12சிங்கிற ம்யூட்டேஷன்ல சின்னதா ஒரு பள்ளத்தைக் காட்டினாங்க, 2021ல சோட்டோராசிப் மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதியே கிடைச்சுது. அதனால மிச்சம் இல்லன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

அதுக்காக பேரைப் பார்த்தும் எடுக்காதீங்க, கேள்வியைப் பாருங்க. 'பி53 ஆராய்ச்சி'ங்கிறது கேள்வியே இல்ல. டிஎன்ஏ அடிபட்டதும் அது நியூக்ளியஸ்ல எவ்ளோ நேரத்துல சேருது, அதை அழிக்கிற எம்டிஎம்2ங்கிற புரோட்டீன் எப்ப பிடியை விடுது, இப்படி எங்க, எப்போ, எதோடன்னு கேட்டிருந்தா அதுதான் செல் பயாலஜி.

இன்னொண்ணு லேப். இது நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. பிஎச்டி முதல் வருஷம் ஒரு ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரோட்டீனைத் தேடிப் புடிக்கிறது) வச்சு வெஸ்டர்ன் பிளாட் (அந்தப் புரோட்டீன் இருந்தா பேண்ட்ங்கிற கோடா காட்டுற சோதனை) போட்டேன், எதிர்பார்த்த சைஸ்ல அழகா ஒரே பேண்ட், எட்டு மாசம் அதை நம்பியே ஓட்டினேன், அப்புறம் கிரிஸ்பர்ங்கிற ஜீன் வெட்டுற முறையில, அந்தப் புரோட்டீனுக்கான ஜீனையே எடுத்துட்ட நாக்அவுட் செல்லை பக்கத்து லேன்ல ஏத்திப் பார்த்தா அங்கயும் அதே பேண்ட், அதே கருப்பு. அந்த ஆன்டிபாடி இத்தனை நாளா வேற எதையோ புடிச்சிருக்கு. எட்டு மாசத்துல ஒருத்தர்கூட என்கிட்ட நாக்அவுட் கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பாக்க அந்த ஜீன் இல்லாத செல், எங்கன்னு கேக்கல, அந்த லேப்ல அப்படி ஒரு வழக்கமே இல்ல, இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு ஆத்திரம் வருது.

அதனால சேர்றதுக்கு முன்னாடி அந்த லேப் மாணவர்கள் ரெண்டு மூணு பேர்கிட்ட தனியா பேசுங்க, முடிச்சுட்டுப் போனவங்கன்னா இன்னும் நல்லது. லேப்ல வளர்க்கிற செல் லைன் சரியானதுதானான்னு காட்டுற எஸ்டிஆர் டெஸ்ட் பண்றீங்களா, செல்லுல தொத்திக்கிற மைக்கோபிளாஸ்மா பாக்டீரியா இருக்கான்னு எப்பப்ப பாக்குறீங்க, உதவித்தொகை எத்தனை வருஷத்துக்கு உறுதி, ரிசல்ட் எதிர்பார்த்த மாதிரி வரலன்னா கைடு என்ன சொல்வாங்க. இந்தக் கடைசி கேள்விக்கு அவங்க தயங்கினா அதையும் குறிச்சு வச்சுக்குங்க.

மெயில் விஷயம். கேன்சர்ல ஆர்வம்னு நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்பாதீங்க. அவங்க பேப்பர் ஒண்ணை முழுசா படிச்சு, அதுல உங்களுக்கு வந்த ஒரு சந்தேகத்தை நாலு வரில எழுதுங்க. உதாரணத்துக்கு பி53 சோதனையை ஹீலா செல்லுல (கருப்பை வாய் கேன்சர்லேர்ந்து வந்த செல் லைன்) மட்டும் பண்ணியிருந்தா, அதுக்குள்ள ஹெச்பிவி18 வைரஸோட இ6 புரோட்டீன் பி53ஐ அழிச்சுக்கிட்டே இருக்குமே, வேற செல்லுலயும் இப்படித்தான் வருமான்னு கேக்கலாம். கூடவே எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல உங்க கையால பண்ணினது என்ன, எது சொதப்புச்சு, ஏன்னு எழுதுங்க. பேப்பர் இல்லைங்கிறதை விட அந்த ரெண்டு பாராவைத்தான் நான் கவனமா படிப்பேன்.

பேரே கேள்விப்படாத அந்த மூணாவது விளம்பரத்தை இன்னொரு தடவை படிங்க. கேள்வி தெளிவா இருந்து, நாக்அவுட் செல்லும் அவங்க கையில இருந்தா, நானா இருந்தா முதல் மெயிலை அங்கதான் அனுப்புவேன்.