வாசகர் கேள்வி–பதில்: பாடத்திட்டமும் பாடவேளையும்

தேசிய அளவில் தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் திருத்தப்படுவதை ஒட்டி, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் தருகிறோம்.

தேசியப் பாடத்திட்டம் மாறிவிட்டது என்கிறார்கள். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் புத்தகமும் இந்த ஆண்டே மாறுமா?
– ஒரு தாய், தங்கச்சிமடம்

இல்லை அம்மா, தேசிய அளவில் மாறியதால் மட்டும் மாறாது. 2023இல் வெளிவந்தது பள்ளிக் கல்விக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம். என்ன நோக்கத்தோடு, எந்த வயதில், எவ்வளவு கற்பிக்கலாம் என்று அது வழி சொல்கிறது. அதை ஒட்டி என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு) எழுதும் நூல்கள் கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய வாரியப் பள்ளிகளுக்குப் போகும். கல்வி 1976இன் 42ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்கு வந்தது. ஆனாலும் மாநிலப் பள்ளிகளின் பாடத்தை வகுப்பது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம்தான்.

வேறுபாடு எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தேசிய முறையில் முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சூழலியல் தனிப் பாடமில்லை. மொழியோடும் கணக்கோடும் கலந்து வரும், மூன்றிலிருந்துதான் தனிப் பாடம். தமிழ்நாட்டு நூல்களில் முதல் இரண்டு வகுப்புகளுக்குச் சூழ்நிலையியல் உண்டு, மூன்றிலிருந்து அறிவியல், சமூக அறிவியல் என்று பிரிந்துவிடும். மாநில நூல்கள் மாறும்போதும் எல்லா வகுப்புக்கும் ஒரே ஆண்டில் மாறுவதில்லை. சென்ற முறை 2018–19இல் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளில்தான் முதலில் வந்தன. புதிய இரண்டாம் வகுப்பைப் படிக்காத பிள்ளையிடம் புதிய மூன்றாம் வகுப்பு நூலைக் கொடுத்தால் அடிப்படை விட்டுப்போகும்.

எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள். பாடத்திட்டமும் அட்டவணையும் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பதுபோலவே வருகின்றன. எப்படிப் பிரித்துக்கொள்வது?
– தலைமை ஆசிரியர், தொண்டி அருகே

உங்கள் ஆதங்கம் நியாயமானது. இலவச கட்டாயக் கல்விச் சட்டம் (2009) 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. எண்ணப்படுவது தலைகள்தானே தவிர வகுப்புகள் அல்ல. சிற்றூர்ப் பள்ளிகளில் இதனால் ஒருவர் 1, 2, 3 வகுப்புகளையும் மற்றவர் 4, 5 வகுப்புகளையும் பார்க்கிறார்கள். கலைத்திட்டக் குழுக்கள் முதலில் இந்தப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதவேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. இங்கே நடக்கும் பாடம் பெரிய பள்ளியிலும் நடக்கும். அங்கே நடப்பதெல்லாம் இங்கே நடக்காது.

40 நிமிடப் பாடவேளையை மூன்று வகுப்புக்குப் பங்கிட்டால் வகுப்புக்கு 13 நிமிடம். நோட்டை எடுக்கச் சொல்லி, கரும்பலகையை அழித்து, இடம் மாறுவதற்குள் மூன்று நிமிடம் போய்விடும். மிஞ்சுவது பத்து. இரண்டு பாடவேளை சேர்த்தாலும் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் நேரடியாகக் கிடைப்பது 20 நிமிடம்தான்.

அந்த இரண்டையும் 80 நிமிடத் தொகுதியாக்கிப் பாருங்கள். முதல் 15 நிமிடம் மூன்று வகுப்பும் சேர்ந்து கதை, வாய்ப்பாடு அல்லது வாய்க்கணக்கு. பிறகு வகுப்புக்கு 20 நிமிடம் நேரடிக் கற்பித்தல். கடைசி ஐந்து நிமிடம் நோட்டுத் திருத்தம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்போது 35 நிமிடம் கிடைக்கிறது. தமிழுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என இப்படி இரண்டு தொகுதி வைத்தால், நாளின் எட்டுப் பாடவேளையில் நான்கு முடியும். மற்ற நான்கில் ஆங்கிலம், சூழ்நிலையியல் அல்லது அறிவியல், விளையாட்டும் கலையும், பின்தங்கியவர்களுக்கான பயிற்சி.

வரிசை முக்கியம். நேரடிப் பாடத்தில் மூன்றாம் வகுப்பை முதலிலும் ஒன்றாம் வகுப்பை நடுவிலும் இரண்டாம் வகுப்பைக் கடைசியிலும் வையுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 40 நிமிடம் தொடர்ந்து தானாக வேலை செய்யாது. நடுவில் வைத்தால் அந்த 40 நிமிடம் இருபது இருபதாக உடையும். இந்த முறை சரிந்துவிழும் இடமும் பெரும்பாலும் அதுதான்: தனியாகச் செய்யவேண்டிய வேலையைக் காலையில் யோசித்துக் கொடுப்பது. புதிதாகக் கற்கவேண்டியதைத் தனி வேலையாகக் கொடுக்காதீர்கள், நேற்று முடித்ததன் பயிற்சியைக் கொடுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளையைச் சின்னவர்களுக்குச் சொல்லித்தர விடுவது நல்லதுதான், ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அது அவளுடைய படிப்பு நேரம்.

அறிவியல் வகைப் பாடங்களில் நீர், உணவு, விலங்கு போன்ற ஒரே கருப்பொருளை 4, 5 வகுப்புகளுக்கு ஒரே வாரத்தில் அமைத்துக்கொள்ளலாம். கணக்கில் இது ஆகாது. அங்கே ஒரு படி இன்னொரு படியின் மேல் நிற்கிறது.

இன்னொன்று. கரையில் பெற்றோருக்கு உதவிவிட்டு வரும் பிள்ளைகள் தினமும் கால் மணி நேரம் பிந்தினால், 200 நாளில் 50 மணி நேரம் போகிறது. முதல் 20 நிமிடத்தில் புதிய பாடம் தொடங்காதீர்கள். வாசிப்பு, பாட்டு, வாய்க்கணக்கு அங்கே இருக்கட்டும்.

வரைவுப் பாடத்திட்டத்துக்கு ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கும்போது, 'பாடச்சுமை அதிகம்' என்று எழுதினால் போதுமா?
– ஓர் ஆசிரியை, கீழக்கரை

போதாது. அப்படி எழுதினால் குழு ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பத்தியைக் குறைத்துவிட்டுச் சுமை குறைந்தது என்று சொல்லிவிடும். நிமிடக் கணக்கோடு எழுதுங்கள்.

இலவச கட்டாயக் கல்விச் சட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாளும் 800 மணி நேரக் கற்பித்தலும் கேட்கிறது. நாளுக்கு எட்டு 40 நிமிடப் பாடவேளை என்றால் 200 நாளில் 1,066 மணி நேரம் வருகிறது. காகிதத்தில் தாராளம். தேர்வு, விழா, மழை, பயிற்சிக்குப் போன ஆசிரியர் எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுவதைச் சென்ற ஆண்டுப் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

பிறகு ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு நாளுக்கு ஒரு தொகுதி என்றால் 200. அதில் 160க்கு மட்டும் திட்டமிடவேண்டும். 40 தொகுதி மறுகற்பித்தலுக்கும் இழப்புக்கும். ஒவ்வொரு கற்றல் விளைவையும் (படித்து முடித்ததும் பிள்ளைக்குச் செய்யத் தெரியவேண்டியதை) ஒரு அட்டையில் எழுதி, சொல்லிக்கொடுக்க எத்தனை, பழக எத்தனை, மறுபடி சொல்ல எத்தனை என்று குறியுங்கள். கூட்டினால் 160ஐத் தாண்டுகிறதா? அப்போது எந்த அட்டையை முழுதாக எடுக்கலாம் என்று சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் திரும்ப வருவதையும், மனப்பாட வரையறைகளையும் முதலில் எடுக்கலாம். எதையும் எடுக்காமல் புதிய பாடம் ஒன்றைச் சேர்ப்பதே திருத்தங்களில் பழகிப்போன பெரிய தவறு.

வரிசையையும் பாருங்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். இது கவனக்குறைவு அல்ல. ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும், நான்கு பத்தும் பன்னிரண்டு ஒன்றும் ஒரே எண்தான் என்று கையால் செய்து பார்க்காத குறை. பனை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் கழிக்கப் பழக அவகாசம் வேண்டும். இடமதிப்புக்கு வரைவில் ஒரே வாரம் இருந்தால், அது எங்கே போய் உடையும் என்பதை இந்தக் கணக்கைக் காட்டி எழுதுங்கள்.

மழை, பதநீர்க் காலம், மீன்பிடித் தடைக்காலம் – எங்கள் ஊரின் காலமும் பள்ளியின் காலமும் ஒத்துப்போவதில்லை. நாள்காட்டியை மாற்ற முடியாதா?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சாயல்குடி

ஒரு பள்ளி தன் விருப்பப்படி மாற்ற முடியாது. பாடத்தை எந்த வாரத்தில் வைப்பது என்பதில் ஓரளவு இடமிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் பெரும்பாலும் கோடை விடுமுறைக்குள் அடங்கிவிடும். சிக்கல் பள்ளி ஆண்டின் மூன்று பருவங்களில் இரண்டாவதில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் மாவட்டத்துக்கு வாடை மழைக்காலம். மூன்றில் குறுகிய பருவமும் அதுதான். கடன் வாங்கிக் கழித்தல், பின்னம் போன்றவற்றின் தொடக்கத்தை அங்கே வைக்காதீர்கள். பருவத்துக்குள்ளேயே முன்னே பின்னே நகர்த்த முடிந்தால், மழை வலுப்பதற்கு முந்தைய வாரங்களுக்குக் கொண்டுவாருங்கள். பனங்காட்டுக்குக் குடும்பத்தோடு போகும் பிள்ளைகளுக்கு எந்தக் கற்றல் விளைவு வரை முடிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வேறு பள்ளியில் உட்கார்ந்தாலும் அந்த ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது என்று அறிவார்.

பாடநூலில் வயலும் குளமும் வருகின்றன, கடல் வருவதே அரிது. நாங்களாகச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், மூக்கையூர்

தாராளமாக. 'உயிரினங்களையும் அவற்றின் வாழிடத்தையும் இனங்காண்பார்' என்பது போன்ற கற்றல் விளைவில் குளம்தான் வேண்டும் என்று எங்கும் இல்லை. நண்டு, சிப்பி, கடல்புல், ஆவுளியா (கடல்பசு) எல்லாம் அதில் அடங்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் வரைபடப் பாடத்துக்கு உதவும். மீன் கூறு போடுவது வகுத்தலுக்கு நல்ல தொடக்கம். ஆனால் கூறுகள் சமமாக இருக்கவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கரையில் ஒரு கூறில் ஐந்தும் இன்னொன்றில் ஆறும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை உண்டு. கடலை வைத்து மட்டும் கற்பித்துவிட்டு, பருவத் தேர்வில் குளம் பற்றிக் கேள்வி வந்தால் பிள்ளை திகைக்கும். கடலில் தொடங்கி, அடுத்த வேளையில் ஊருணிக்கு அழைத்துப்போய் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் எழுதவையுங்கள்.