வரவேற்பறை மட்டும்தானா வீடு?

ஐயா, வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் லண்டனில் மகளோடு ஜெஃப்ரி அருங்காட்சியகம் போயிருந்தேன். ஒரு காலத்தில் ஏழை முதியவர்களுக்காகக் கட்டிய தர்ம வீடுகளாம். உள்ளே வரிசையாக வசதியானவர்களின் வரவேற்பறைகள்தான். அங்கே வாழ்ந்த ஏழைகள் எங்கே போனார்கள்?

— ம.

அன்புள்ள அம்மா,

நியாயமான கேள்வி. அருங்காட்சியகம் இருக்கும் ஷோர்டிச் பகுதி அன்று மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போனது. 1914-ல் அருங்காட்சியகம் திறந்ததே, அங்கிருந்த தச்சர்கள் பழைய நல்ல வேலைப்பாடுகளைப் பார்த்துக் கற்கட்டும் என்றுதான். நல்ல மேஜை நாற்காலி காசுள்ளவர் வீட்டில்தானே இருக்கும்? 1930களில் அவற்றைக் காலவரிசைப்படி அறைகளாக அமைத்தார்கள். நீங்கள் பார்த்தது அதன் தொடர்ச்சி.

ஆனால் நீங்கள் தேடியவர்களின் இடமும் அங்கேயே இருக்கிறது, 14-ஆம் எண் வீட்டில். 1714-ல் கட்டியவை மொத்தம் 14 வீடுகள். வீட்டுக்கு நாலு அறை, பெரும்பாலும் ஆளுக்கு ஓர் அறை. இந்த ஒரு வீட்டில் ஓர் அறையை 1780களில் இருந்தபடியும், இன்னொன்றை 1880களில் இருந்தபடியும் திருப்பி அமைத்திருக்கிறார்கள். கட்டில், மேஜை, கணப்பு எல்லாம் அந்த ஒரே அறைக்குள். குளிர் காய்வதும் சமைப்பதும் அதே நெருப்பில். நூறு வருடம் தாண்டி அடுத்த அறைக்குப் போனாலும் வாழ்க்கை அந்த நாலு சுவருக்குள்தான். எனக்கு மொத்த அருங்காட்சியகத்திலும் இந்த இரண்டு அறைகள்தான் முக்கியம். மற்ற இடங்களில் சாமான்களைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். இங்கே நின்றால், ஒரு பாட்டி சாம்பலை எங்கே கொண்டுபோய்க் கொட்டியிருப்பார், ஈரத்துணியை எங்கே காயப்போட்டிருப்பார் என்று மனம் போகிறது.

இந்த வீடுகளுக்குப் பணம் எழுதி வைத்தவர் ராபர்ட் ஜெஃப்ரி, 1685-ல் லண்டன் மேயரானவர். அடிமை வணிகத்திலும் பணம் போட்டவர். அவர் சிலை இன்னும் வாசலுக்கு மேலே நிற்கிறது. 2020-ல் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பெரும்பாலானோர் எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். அவர் கதையை உள்ளே வைத்து முழுசாகச் சொல்லலாமே.

மற்றபடி, 2021-ல் புதுப்பித்துத் திறந்த பிறகு நிறைய மாறியிருக்கிறது. பெயரே இப்போது ‘மியூசியம் ஆஃப் தி ஹோம்’. 1970களில் வாழ்ந்த கரீபியக் குடும்பத்தின் முன்னறையும் உண்டு. 14-ஆம் எண் வீட்டுக்குள் மட்டும் வழிகாட்டியோடு, குறிப்பிட்ட நாட்களில்தான் விடுவார்கள். அடுத்த முறை போகும்போது மகளிடம் சொல்லி முன்பதிவு செய்துவிடுங்கள்.