யூரோவிஷனில் ஒருமுறைகூட வெல்லாத ஜெல்கோ யோக்சிமோவிச்சை ஏன் இவ்வளவு பெரிய பெயராகக் கருதுகிறார்கள்?

கேள்வியில் உள்ள தகவல் சரியானதே. செர்பியப் பாடகரான ஜெல்கோ யோக்சிமோவிச் யூரோவிஷன் மேடையில் போட்டியாளராக இரண்டு முறை பாடினார். 2004இல் இரண்டாம் இடமும் 2012இல் மூன்றாம் இடமும் பெற்றார், முதலிடம் அவருக்குக் கிட்டவே இல்லை. ஆனால் பாடகர் என்ற கணக்கை மட்டும் பார்த்தால் அவருடைய தொழிலில் பாதி நம் கண்ணில் படாது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1956 முதல் நடத்திவரும் இந்தப் போட்டியில் ஒவ்வொரு நாடும் மூன்று நிமிடத்துக்கு மிகாத ஒரு பாடலை அனுப்புகிறது. விதிப்படி அது பாட்டுக்கான போட்டியே தவிரப் பாடகருக்கான போட்டி அன்று. அந்த விதியை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், 2004 முதல் 2015 வரை யோக்சிமோவிச் மெட்டமைத்த ஐந்து பாடல்கள் நான்கு நாடுகளின் பெயரில் போட்டியிட்டிருக்கின்றன; ஐந்தும் இறுதிச் சுற்றில் ஒலித்திருக்கின்றன. அவற்றில் மூன்று முதல் மூன்று இடங்களுக்குள் வந்தன. பல ஆண்டுகளாக இந்தப் போட்டியைப் பின்தொடர்பவன் என்ற முறையில், அவர் முதன்மையாக ஓர் இசையமைப்பாளர் என்பதே என் கருத்து.

அவரைப் பாடகர்-பாடலாசிரியர் என்று அறிமுகப்படுத்துவது வழக்கமாக இருந்தாலும், அவருடைய புகழ்பெற்ற பாடல்களின் வரிகளைப் பெரும்பாலும் பிறரே எழுதியிருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டுப் பாடலுக்கு வரிகள் தந்தவர் லெயோன்டினா வுகோமனோவிச்; 2012ஆம் ஆண்டுப் பாடலில் மரினா துசகோவிச்சின் பங்கு உண்டு. மெட்டும் இசைக்கோர்ப்பும்தான் யோக்சிமோவிச்சின் கையெழுத்து. 1972இல் பிறந்து, மேற்கு செர்பியாவின் வாலியெவோ நகரில் வளர்ந்த அவர், சிறுவயதிலேயே அக்கார்டியன் வாசிப்பில் பெயர் பெற்றவர். பன்னிரண்டு வயதில் பாரிசில் நடந்த அக்கார்டியன் போட்டியில் பரிசு வென்றார் என்றும், பன்னிரண்டு கருவிகள் வாசிக்கத் தெரிந்தவர் என்றும் அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. இரண்டாவது தகவல் சற்று மிகையாகவே இருக்கட்டும்; அவருடைய பாடல்களில் கருவிகள் குரலுக்குப் பின்னணியாக மட்டும் நிற்பதில்லை, குரலுக்கு முன்பே வந்து பேசிவிட்டுப் போகின்றன என்பதை எவரும் கேட்டு உணரலாம்.

அவர் தொழிலுக்கு வந்த காலம் எளிதானதன்று. யூகோஸ்லாவியா உடைந்து, ஐக்கிய நாடுகள் விதித்த தடைகளும் கட்டுக்கடங்காத பணவீக்கமும் மக்களை வாட்டிய 1990களில், செர்பியச் சந்தையை நாட்டுப்புற மெட்டையும் நடனத் தாளத்தையும் கலந்த டர்போ ஃபோக் ஆக்கிரமித்திருந்தது. 1998இல் பெலாரூசின் வீதெப்ஸ்க் நகரில் நடக்கும் ஸ்லாவிய இசைவிழாவில் பெரும்பரிசு பெற்ற யோக்சிமோவிச், மறு ஆண்டு, நேட்டோ குண்டுவீச்சு நடந்த அதே 1999இல், தம் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். 2001இலும் 2002இலும் அடுத்தடுத்து வந்த ஆல்பங்கள் அவரை முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகள் பலவற்றிலும் அறியப்பட்ட பெயராக்கின.

2004 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த போட்டியை விரிவாகச் சொல்ல வேண்டும். 1989இல் வென்று, 1990இல் சாக்ரெப் நகரில் போட்டியை நடத்தவும் செய்த யூகோஸ்லாவியாவில் எஞ்சியிருந்த பகுதி, 1992க்குப் பிறகு போட்டிக்கு வெளியே நின்றது. செர்பியா - மொண்டெனேக்ரோ என்ற புதிய கூட்டரசு முதன்முறையாகப் பங்கேற்றபோது அனுப்பப்பட்டவர் யோக்சிமோவிச். பாடல் ‘லானே மோயே’. அந்த ஆண்டுதான் முதன்முதலாக அரையிறுதிச் சுற்று அறிமுகமானது. அதில் அவர் 263 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார்; உக்ரைனின் ருஸ்லானா 256 புள்ளிகளுடன் இரண்டாமவர். இறுதிச் சுற்றிலும் அவருக்கு அதே 263 புள்ளிகளே கிடைத்தன, ஆனால் ருஸ்லானா 280க்கு ஏறிவிட்டார். தோல் உடையும் போர் நடனமுமாக வந்த ருஸ்லானாவுக்கு எதிரே, அநேகமாக அசையாமல் நின்று பாடிய ஒருவர் இவ்வளவு நெருங்கி வந்தார். மூன்று நிமிடமே அனுமதிக்கப்பட்ட போட்டியில், பாடகர் வாய் திறப்பதற்கு முன் மெதுவான கருவியிசைக்கு அத்தனை நேரம் ஒதுக்கிய துணிச்சலை நான் வேறு அதிகம் பேரிடம் கண்டதில்லை. (யூரோவிஷன் மேடையில் குரல் மட்டுமே நேரலை என்பதையும், கருவியிசை முன்பே பதிவு செய்யப்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவருடன் நின்ற ‘ஆட் ஹாக்’ இசைக்குழு அன்று நம் காதுக்காக வாசிக்கவில்லை, கண்ணுக்காகத்தான் வாசித்தது.) மெட்டில் ஒரு சொல்லின் மேல் குரல் நெளிந்து இறங்கும் இடங்கள் கமகத்துக்குப் பழகிய காதுக்கு அந்நியமாகத் தோன்றா.

மொழியும் கவனிக்கத்தக்கது. 1999இல் மொழிக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு பெரும்பாலான நாடுகள் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டன. ஆங்கிலம் அறவே கலக்காத பாடல் ஒன்று 1998இல் வென்றதற்குப் பின் அடுத்து வென்றது 2007இல்தான். அது செர்பியாவின் மரியா ஷெரிஃபோவிச் தாய்மொழியில் பாடிய பாடல். அந்தப் பாட்டு யோக்சிமோவிச்சுடையது அன்று. ஆனாலும் தாய்மொழியில், மெதுவான மெட்டில், தோரணம் எதுவும் இல்லாமல் பாடி மேலிடம் பிடிக்கலாம் என்ற நம்பிக்கையை மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஊட்டியவர் இவர் என்று நினைக்கிறேன். ‘பால்கன் பாலட்’ என்று ரசிகர்கள் தனிவகையாகப் பேசும் பாடல்களுக்கு இன்றும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுவது ‘லானே மோயே’தான்.

இங்கே ஒரு மறுப்பு வழக்கமாக எழும். அண்டை நாடுகள் ஒருவருக்கொருவர் புள்ளி போட்டுக்கொள்கின்றன, ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் வாழும் புலம்பெயர்ந்தோர் தொலைபேசியில் வாக்களிக்கிறார்கள், அதில் இவருடைய திறமை எங்கே என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதே அண்டை நாடுகள் சூழ இருந்தும் ஸ்லோவேனியா 2004, 2005, 2006 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அரையிறுதியைத் தாண்டவில்லை. மேலும், நடுவர் குழுக்களுக்குச் சரிபாதி மதிப்பெண் வழங்கப்பட்ட 2012இல், பாக்கூவில் யோக்சிமோவிச் பாடிய ‘நியே லியூபாவ் ஸ்த்வார்’ 214 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பெற்றபோது, நடுவர்களின் கணக்கில் மட்டும் எடுத்தால் அது இரண்டாம் இடத்தில் இருந்தது. புலம்பெயர்ந்தோர் வாக்கு என்ற விளக்கம் அங்கே பொருந்தாது. அண்டை நாட்டு வாக்கு என்பதையும் அவ்வளவு மலிவாக எண்ணிவிட முடியாது. 2004இல் குரோஷியாவும் போஸ்னியாவும் செர்பியா - மொண்டெனேக்ரோவுக்கு உச்ச மதிப்பான 12 புள்ளிகளைக் கொடுத்தன. போஸ்னியப் போரை முடித்துவைத்த டேட்டன் உடன்படிக்கை கையெழுத்தாகி அப்போது ஒன்பது ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை.

அதைவிடக் கனமான நிகழ்வு 2006இல் நடந்தது. அந்த ஆண்டு பாடலைத் தேர்ந்தெடுப்பதில் செர்பியத் தரப்புக்கும் மொண்டெனேக்ரோ தரப்புக்கும் மூண்ட சண்டையில் கூட்டரசு போட்டியிலிருந்தே விலகியது. வாக்களிக்கும் உரிமை மட்டும் மிஞ்சியது. ஆனால் யோக்சிமோவிச்சின் மெட்டு அந்த ஆண்டுப் போட்டி நடந்த ஏதென்சுக்கு வந்தது, போஸ்னியா - ஹெர்ஸகோவினாவின் பாடலாக. சரயேவோவின் புகழ்பெற்ற இசைக்குழுவான ‘ஹரி மாத்தா ஹரி’ பாடிய ‘லேய்லா’வில், போஸ்னியாவின் செவ்தா என்ற மரபுப் பாடல்களுக்கே உரிய ஏக்கமும் நிதானமும் முழுமையாக இருந்தன. போரின்போது நான்கு ஆண்டுக்கு அருகில் போஸ்னிய செர்பியப் படைகளின் முற்றுகைக்குள் கிடந்த ஒரு நகரத்தின் கலைஞர்கள், பெல்கிரேடில் வாழும் ஒருவரிடம் மெட்டு வாங்கித் தங்கள் நாட்டின் பெயரால் பாடினார்கள். 229 புள்ளிகள், மூன்றாம் இடம். போஸ்னியா இதுவரை பெற்ற மிகச் சிறந்த இடம் அதுதான். அந்த இறுதிச் சுற்று மே 20 அன்று நடந்தது. மறுநாள் மொண்டெனேக்ரோ மக்கள் பொதுவாக்கெடுப்பில் தனிநாட்டைத் தேர்ந்தெடுக்க, யோக்சிமோவிச் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எந்த நாட்டின் பெயரில் பாடினாரோ அந்த நாடே இல்லாமற்போனது.

2008இல் போட்டி பெல்கிரேடுக்கு வந்தபோது அவர் தொகுப்பாளர்களுள் ஒருவராக இருந்தார். உடன் தொகுத்த யோவானா யான்கோவிச்சைப் பின்னாளில் மணந்தார். அதே இரவில் யெலேனா தோமாஷெவிச் பாடிய செர்பியாவின் பாடல் ‘ஓரோ’வும் அவருடைய மெட்டுதான், அதில் ஃப்ரூலா என்ற மரக்குழலை வாசித்தவர் அக்கருவியின் மூத்த கலைஞர் போரா டூகிச். ஆறாம் இடம், 160 புள்ளிகள். 2015இல் வியன்னாவில் மொண்டெனேக்ரோவுக்காகக் க்னெஸ் பாடிய ‘ஆதியோ’ 44 புள்ளிகளுடன் பதின்மூன்றாம் இடம் பெற்றது. மொண்டெனேக்ரோவுக்கு அது அதுவரை கிட்டாத உயரம் என்றாலும், அந்தப் பாட்டில் இவருடைய பழைய அச்சு சற்றுத் தேய்ந்திருந்தது என்றே எனக்குப் படுகிறது. மெதுவான தொடக்கம், நாட்டுப்புறக் கருவி, இறுதியில் எழும் உச்சம் என்று அடுத்து என்ன வரும் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே சொல்லிவிட முடிந்தது. போட்டிக்கு வெளியே, ‘இவ்கோவா ஸ்லாவா’ என்ற 2005ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்கும் ‘ரன்யேனி ஓராவோ’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கும் அவர் அமைத்த இசையில் அந்தக் கட்டாயம் இல்லை. மூன்று நிமிடக் கணக்கு தளர்ந்ததும் அவருடைய கருவியிசை நன்றாகவே மூச்சு விடுகிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் ‘லேய்லா’விலிருந்து தொடங்கலாம், ஐந்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. பிறகு ‘லானே மோயே’யின் அரையிறுதிப் பதிவையும் இறுதிச் சுற்றுப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே எண்ணிக்கையில் புள்ளி வாங்கிய அந்த இரண்டு இரவுகளில் எதில் அவர் நன்றாகப் பாடினார் என்பதைப் பின்னூட்டத்தில் சொன்னால் மகிழ்வேன். என் வாக்கு அரையிறுதிக்கு.