காலையில் மட்டும் வரும் நீலப்புகை

நண்பரே, பழைய நாலு ஸ்ட்ரோக் வண்டி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை, சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது, மெக்கானிக் இன்ஜினை இறக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இப்போதே சம்மதிக்காதீர்கள்.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தால் இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய் எரியும்.

அளவு சரியா? அப்படியென்றால் என் சந்தேகம் வால்வு சீல் மேல்தான், அதாவது வால்வுத் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம். சீலின் ரப்பர் இறுகிப்போனால், ராத்திரி முழுக்க ஆயில் வால்வுத் தண்டு வழியாகக் கசிந்து இறங்கும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் எரிந்து தீரும். ஓட்டியும் பார்க்கலாம். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி, கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்து திருகியதும் குபுக்கென்று புகை வந்தால் சீலோ, வால்வுத் தண்டு நகரும் குழலான வால்வு கைடோ தேய்ந்திருக்கலாம். மாறாக, ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மேல்தான் சந்தேகம்.

அப்புறம் கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கையில் இக்னிஷனை அணைத்து, பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்துவைத்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிக்கரை உதையுங்கள். பிறகு பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதையுங்கள். குறைவாக இருந்த அளவு இப்போது நன்றாக ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. முதலிலேயே கம்பெனி சொன்ன அளவு காட்டினால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றி சீல் மாற்றச் சொல்லுங்கள்.